நடையும் கையும் பழகட்டும்: அட்டாக்சியா உள்ளவர்களுக்கான ஒருங்கிணைவுப் பயிற்சி

அட்டாக்சியா (தள்ளாட்டம்) உள்ள ஒருவர் உங்கள் கையைப் பற்றினால் பிடி உறுதியாகவே இருக்கும். காலால் உதைக்கச் சொன்னால் பலமாகவே உதைப்பார். ஆனால் அதே கையால் டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது தண்ணீர் சிந்தும். அதே காலால் வாசற்படியைத் தாண்டும்போது அடி தவறும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் குறைவது தசையின் வலு இல்லை. எந்தத் தசை எப்போது இயங்க வேண்டும், எவ்வளவு விசையோடு இயங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற ஒழுங்குதான் குலைகிறது. அதனால் எடை தூக்கி உடம்பைத் தேற்றுவதால் மட்டும் தள்ளாட்டம் குறைந்துவிடாது. அந்த ஒழுங்கைத்தான் பழக்க வேண்டும். அதை வீட்டில், விழுந்துவிடாமல், முறையாகப் பழகும் வழியை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

உடம்பில் நடப்பது என்ன?

தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருப்பது சிறுமூளை. மூளையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையிலுள்ள நரம்பணுக்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள்தான் இருக்கிறது. பரதநாட்டிய மேடையில் நட்டுவனார் ஆடுவதில்லை. ஆனாலும் அவர் தாளம் தவறினால் ஆட்டம் முழுவதும் தவறிப்போகும். சிறுமூளையின் வேலையும் அப்படிப்பட்டது.

முதல் உலகப் போரில் தலையின் பின்பக்கம் குண்டடிபட்ட வீரர்களை கார்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, 1917-இல் விரிவாக எழுதினார். அசைவு தாமதமாகத் தொடங்குகிறது, தாமதமாக நிற்கிறது, இலக்கைத் தாண்டிப் போகிறது, ஒரே ஓட்டமாக வர வேண்டிய அசைவு மூட்டு மூட்டாகத் துண்டுபடுகிறது. அவர் கண்ட இந்த அடையாளங்களைத்தான் மருத்துவர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

தள்ளாட்டத்தில் மூன்று வகை உண்டு. உங்களுடையது எது என்பதைப் பொறுத்தே பயிற்சி அமையும்.

*சிறுமூளை சார்ந்தது.* கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள். பேச்சு குழறும். பொருளை எடுக்கப் போகும்போது கை ஆடும். இலக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும்.

*உணர்வு நரம்பு சார்ந்தது.* கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. பகலில் சமாளித்து நடப்பவர் இருட்டில் தடுமாறுவார். சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடியதும் உடம்பு சாயும்.

*உள்காது சார்ந்தது.* தலையைத் திருப்பினால் கிறுகிறுக்கும். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா போன்ற சில பரம்பரை நோய்களில் முதல் இரண்டும் கலந்தே வரும்.

பயிற்சிக்கு முன் மருத்துவர்

நரம்பியல் மருத்துவர் காரணத்தைக் கண்டறியும் முன்பே பயிற்சியில் இறங்க வேண்டாம். தள்ளாட்டத்துக்கான காரணங்களில் சில, சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. வைட்டமின் பி12 குறைவு, வைட்டமின் ஈ குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தின் அளவு மிகுதல், நெடுங்கால மதுப்பழக்கம் ஆகியவை அவற்றில் சில. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் ஒன்றை விட்டுவிட்டுப் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தால் இழந்த காலம் திரும்பி வராது. அதேபோல, வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். மது எந்த வகைத் தள்ளாட்டத்தையும் மோசமாக்கும். அதை முழுமையாக விட்டுவிடுங்கள்.

ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா உள்ளவர்களுக்கு இதயத் தசையும் பாதிக்கப்படலாம். ஆகவே ஈசிஜி, எக்கோ பார்த்து, எவ்வளவு உழைப்பு உடம்புக்கு ஏற்றது என்று இதய மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று தள்ளாட்டம், கடும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பயிற்சியால் பலன் உண்டா?

உண்டு. இந்தச் சிகிச்சைக்கு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற ஊரில் ஹைன்ரிக் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் இருந்தார். நரம்பு மண்டலத்தைத் தாக்கிய சிபிலிஸ் நோயால் நடை குலைந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அப்படி ஒருவரை, விரலால் மூக்கைத் தொடும் சோதனைக்கு ஃப்ரெங்கல் உட்படுத்தினார். அவரால் சரியாகத் தொட முடியவில்லை. சில மாதம் கழித்து வந்தபோது அவர் நன்றாகத் தொட்டார். முதல் முறை தேறவில்லையே என்று வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறார்! நோய் அப்படியே இருக்க, பழக்கத்தால் அசைவு சீர்பட்டதைக் கண்ட ஃப்ரெங்கல், கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செய்யும் பயிற்சிகளை வகுத்தார். உலகெங்கும் பிசியோதெரபி மாணவர்கள் அவற்றை இன்றும் அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் சிறுமூளைத் தேய்வில் பயிற்சி வீண் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவுகள் அதை மாற்றின. 16 பேருக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று நான்கு வாரம் ஒருங்கிணைவுப் பயிற்சி கொடுத்தார்கள். நடையும் சமநிலையும் தேறின. உணர்வு நரம்பு பாதித்தவர்களைவிடச் சிறுமூளை பாதித்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம். வீட்டிலும் தொடர்ந்ததால், ஓராண்டு கழித்து நோய் சற்று முற்றிய நிலையிலும், பயிற்சியால் வந்த பலன் அன்றாட வேலைகளில் தெரிந்தது.

ஜப்பானில் 42 பேருக்கு நான்கு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது. பயிற்சி நின்றபின் மாதங்கள் செல்லச் செல்லப் பலருக்கு முன்னேற்றம் மெல்லக் கரைந்தது; ஒரு பகுதியினர் 24 வாரம் கழித்தும் அதைத் தக்கவைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 14 பேர் ஆறு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. எவ்வளவு நேரம் செய்தார்கள் என்பதைவிட, செய்தது அவர்களுடைய சமநிலைக்கு எவ்வளவு சவாலாக இருந்தது என்பதே நடை தேறியதற்குக் காரணமாக நின்றது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் இது: உங்களுக்குச் சற்றுக் கடினமாக இருப்பதை, விழாதபடி பாதுகாப்போடு, விடாமல் செய்யுங்கள். பயிற்சி நோயின் மூலத்தை அழிக்காது. இருக்கும் ஆற்றலை முழுதாகப் பயன்படுத்த உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும்.

ஆறு விதிகள்

1. மெதுவாகச் செய்யுங்கள். வேகமாக வீசும் அசைவில் தவறு மறைந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராக எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.
2. கவனம் அசைவில் இருக்கட்டும். டிவி, செல்போன், பேச்சு எல்லாம் பயிற்சி முடிந்த பிறகு.
3. களைப்பதற்கு முன் நிறுத்துங்கள். தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் நான்கு முறை செய்து ஓய்வெடுங்கள். களைத்த உடம்பு தவறான அசைவையே பழகும்.
4. சரியாக வந்ததும் ஒரு படி கூட்டுங்கள். சுலபமாகிவிட்டதையே திரும்பச் செய்வதால் பலன் குறைவு.
5. நிற்கும் பயிற்சி, நடக்கும் பயிற்சி எதையும் தனியாகச் செய்யாதீர்கள்.
6. உங்கள் உடம்புக்கு எது ஏற்றது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் ஒரு முறையாவது நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். கீழே உள்ளவை அவரிடம் எடுத்துச் சென்று பேச வேண்டிய பட்டியல்.

முதல் நிலை: படுக்கையில்

தலைக்கும் முதுகுக்கும் தலையணை வைத்து, உங்கள் கால்கள் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து படுங்கள். வழுக்கிச் செல்லும் பெட்ஷீட் அல்லது பலகை கீழே இருப்பது நல்லது.

• ஒரு குதிகாலைப் படுக்கையோடு உரசியபடியே இழுத்து முழங்காலை மடக்குங்கள், அதேபோல் நீட்டுங்கள்.
• அதையே செய்யும்போது, உடனிருப்பவர் “நில்” என்றதும் பாதி வழியில் நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் இதில் பாடம்.
• காலைப் பக்கவாட்டில் நகர்த்தி, மீண்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.
• ஒரு குதிகாலை மறு முழங்கால்மேல் வைத்து, கணைக்காலின் முன்பக்கம் வழியாகப் பாதம் வரை நேர்கோட்டில் இறக்குங்கள்.
• இவை வந்தபின் குதிகாலைப் படுக்கையில் உரசாமல், சற்றுத் தூக்கியபடி செய்யுங்கள். பிறகு இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி.

உணர்வு நரம்பு சார்ந்த தள்ளாட்டத்துக்கு இந்த நிலை மிகவும் முக்கியம். கால் அனுப்பாத செய்தியைக் கண் ஈடுகட்டுகிறது. நன்றாகத் தேறிய பிறகு, படுத்த நிலையில் மட்டும், கண்ணை மூடியும் முயன்று பார்க்கலாம்.

இரண்டாம் நிலை: உட்கார்ந்து

கைப்பிடி உள்ள, நகராத நாற்காலி வேண்டும். சக்கர நாற்காலியானால் பிரேக் போட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது சாயும்.

• முதுகு சாயாமல், இரு பாதமும் தரையில் பதிய, கை ஊன்றாமல் உட்காருங்கள். உடம்பின் நடுப்பகுதி நிலைத்தால்தான் கையும் காலும் நிலைக்கும்.
• தரையில் சாக்பீஸால் நான்கு குறிகள் போட்டு, பாதத்தை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றி வையுங்கள். கோலமாவு வேண்டாம், வழுக்கும்.
• உட்கார்ந்தபடியே ஒரு பொருளை முன்னால், வலப்பக்கம், இடப்பக்கம் எட்டி எடுத்து நடுவில் வையுங்கள்.
• எழுந்து உட்காரும் பயிற்சி: பாதத்தைப் பின்னிழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, எண்ணிக்கையோடு எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்குங்கள்.

மூன்றாம் நிலை: பாயில்

கை, முழங்கால் நான்கையும் ஊன்றித் தவழும் நிலையில் நிலைத்திருங்கள். பிறகு ஒரு கையை மட்டும் நீட்டுங்கள். அடுத்து ஒரு காலை. அது வந்தபின் எதிரெதிர்க் கையும் காலும். மண்டியிட்டு நின்று இடுப்பை நேராக வைத்தல் அடுத்த படி. தரைக்கு அருகில் இருப்பதால் விழும் பயம் குறைவு. உடம்பின் நடுப்பகுதி நன்றாக உழைக்கும். முழங்கால் தேய்வு உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

நான்காம் நிலை: நின்று

இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையில், முதுகு மூலையைப் பார்க்க நில்லுங்கள். எதிரே கனமான நாற்காலி ஒன்றைப் பிடிக்க வசதியாக வையுங்கள்.

• கால்களை அகட்டி நிற்றல், பிறகு சேர்த்து, பிறகு ஒன்றன் முன் ஒன்றாக.
• எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றுதல்.
• தலையை மெதுவாக இருபுறமும் திருப்புதல். உள்காது சார்ந்த தள்ளாட்டத்துக்கு இது சிறப்பாக உதவும்; கிறுகிறுப்பு அதிகமானால் நிறுத்துங்கள்.
• ஒரு காலை எடுத்து எட்டு வைத்து, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவருதல்.

ஐந்தாம் நிலை: நடந்து

முதலில் பக்கவாட்டு நடை. திண்ணைச் சுவரையோ சமையல் மேடையையோ பற்றியபடி நடக்கலாம். பின்னர் சாக்பீஸ் பாதக்குறிகளின்மேல் அடி வைத்து நடத்தல். திரும்பும் இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். ஒரே காலில் சுழலாமல், சிறு சிறு அடிகளாக அரைவட்டம் போட்டுத் திரும்பப் பழகுங்கள். அடுத்து, நடக்கும்போதே “நில்” என்றதும் நிற்றல், சிறு தடையைத் தாண்டுதல், படி ஏறி இறங்குதல். வாக்கரோ கைத்தடியோ வேண்டியிருந்தால் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் பயிற்சியே நின்றுபோகும்.

கைகளுக்கு

இரு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டால் ஆட்டம் குறையும். வேலையை அந்த நிலையில் தொடங்கி, தேறத் தேற ஊன்றுதலைக் குறையுங்கள்.

• விரலால் மூக்கையும், எதிரே இருப்பவர் காட்டும் விரலையும் மாற்றி மாற்றித் தொடுதல்.
• உள்ளங்கையைத் தொடைமேல் திருப்பித் திருப்பிப் போடுதல்.
• பல்லாங்குழிச் சோழிகளைக் குழியில் ஒவ்வொன்றாகப் போடுதல். நல்ல பயிற்சி, சலிக்கவும் சலிக்காது.
• பாதி நிரம்பிய டம்ளரை எடுத்து வைத்தல். சட்டைப் பொத்தான் போடுதல். பெரிய எழுத்தில் பெயர் எழுதுதல்.

மணிக்கட்டில் எடைப்பட்டை கட்டினால் சிலருக்கு ஆட்டம் அடங்கும். ஆனால் கை சீக்கிரம் களைக்கும். கழற்றியதும் ஆட்டம் சற்றுக் கூடவும் செய்யலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் கேட்டே பயன்படுத்துங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடிப் புரையேறினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உணவோ நீரோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள்.

வீட்டைச் சீர்செய்யுங்கள்

ஈரமான குளியலறைத் தரைதான் முதல் எதிரி. வழுக்காத விரிப்பு, சுவரில் உறுதியான கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் மூன்றும் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை இருந்தால், அதன்மேல் வைக்கும் கம்மோட் நாற்காலி வாங்கலாம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். வாசற்படிகளுக்குப் பளிச்சென்ற நிறத்தில் பெயின்ட் அடியுங்கள். சுருளும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். தரையில் புரளும் புடவை, லுங்கி, நைட்டி மூன்றும் காலைத் தடுக்கும். ஹவாய் செருப்பை விட்டு, பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ அணியுங்கள். சாப்பிட விளிம்பு உயர்ந்த கனமான தட்டு, குடிக்க மூடியும் கைப்பிடியும் உள்ள குவளை போதும். அரிவாள்மணையையும் கொதிக்கும் பாத்திரத்தையும் மற்றவர்கள் கையாளட்டும்.

குடும்பத்தாருக்கு

நடக்கும்போது முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாட்டில், அரை அடி பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். “சீக்கிரம்” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவசரம் தள்ளாட்டத்தைக் கூட்டும். டம்ளர் சிந்துகிறது என்பதற்காக நீங்களே ஊட்டிவிட வேண்டாம். அவர் செய்ய முடிகிற ஒவ்வொரு வேலையும் அவருக்கு ஒரு பயிற்சி.

இன்னொரு வேதனையும் உண்டு. தெருவில் தள்ளாடி நடப்பவரைப் பார்த்ததும், பேச்சுக் குழறுவதைக் கேட்டதும், குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பஸ்ஸில் ஏற்ற மறுப்பதும் உண்டு. அதனாலேயே பலர் வெளியே வருவதை நிறுத்துகிறார்கள். நடை நின்றால் உடம்பு இன்னும் தளரும். நோயைப் பற்றி இரண்டு வரி எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பது உதவும். அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே முன்சென்று விளக்கிச் சொல்லுங்கள்.

அளந்து பாருங்கள்

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மூன்றைக் குறித்து வையுங்கள்: கால் சேர்த்து எத்தனை விநாடி நிற்க முடிகிறது; நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது; அந்த மாதம் எத்தனை முறை விழுந்தீர்கள். நடையை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர்கள் 0 முதல் 40 வரை மதிப்பெண் கொண்ட ‘சாரா’ அளவுகோலால் நிலையைக் கணிப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் நிலை தேறியிருக்கிறது என்று பொருள். கூடும் நோயில் மதிப்பெண் மாறாமல் இருப்பதே வெற்றிதான்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன்கீழ் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் நோய்களையும் உள்ளடக்கியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாக மருத்துவச் சான்று பெற்றவர்களுக்கு அரசு உதவிகள் பலவற்றுக்குத் தகுதி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. பயிற்சி தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். நிலை முற்றட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் இந்த வாரமே பாருங்கள். ஐந்து நிலைகளில் உங்களுக்கு உரியதைத் தேர்ந்து, ஒரு நாளில் இருபது நிமிடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். தொடங்கிய பிறகு நிறுத்தாதீர்கள்.